பெல்ட்டுக்குக் கீழே ஓர் அடி

வெள்ளைக்காரர்கள் கப்பலேறிய மறுவருஷம், காக்ஸ் டவுனில் ஒரு சர்ச் ஹாலில், வேலை தேடும் பெரியவர்களுக்கு மாலை வேளையில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு இருபத்து மூன்று வயது; தலைக்கனத்துக்குக் குறைவில்லை.

ஒருநாள் கரும்பலகையில் 'ஹிட் பிலோ தி பெல்ட்' என்று எழுதினேன். குத்துச்சண்டையில் இடுப்புக்குக் கீழே அடிப்பது தப்பாட்டம். ஒருவருடைய பலவீனத்தைச் சொல்லிக் காட்டித் தாக்குவதையும் அப்படித்தான் சொல்வார்கள் என்று விளக்கினேன். பிறகு ஆளுக்கொரு வாக்கியம் கேட்டேன்.

மரியதாஸ் எழுந்தார். துரை பங்களாவில் இருபது வருஷம் பட்லராக இருந்து, துரை போனதும் வேலையிழந்தவர். அவர் சொன்ன வாக்கியம் இலக்கணத்தில் தடுமாறியது.

"என்ன மரியதாஸ், இது பட்லர் இங்கிலீஷ். தொரைக்கு டீ குடுக்கத்தான் லாயக்கு. ஆபீசுக்கு ஆகாது," என்றேன். ஹாலே சிரித்தது.

அவர் நோட்டை மூடினார்.

"தொரை கூடப் போயி நெறைய பாக்ஸிங் பாத்திருக்கேன் சார். கீழ அடிச்சா ரெஃப்ரி ஒடனே நிறுத்திடுவாரு. இங்க யாரும் நிறுத்தலீங்களே."

அன்று ஹாலை விட்டு வெளியே போனவர் திரும்பி வரவேயில்லை. அவர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. மன்னிப்புக் கேட்க எனக்குக் கால் எழவில்லை.

பிறகு முப்பது வருஷம் வாத்தியாராக இருந்தேன். அந்தத் தொடருக்கு உதாரணமாக ஒவ்வொரு வகுப்பிலும் இந்தச் சம்பவத்தைத்தான் சொல்வேன். அந்த வாத்தியார் நான்தான் என்று இன்றுதான் சொல்கிறேன்.