வலிக்கவில்லை என்று சொன்னேன்

என் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று ஒரு பொய் சொன்னேன். விரல் வலிக்கவில்லை என்றேன். அவ்வளவுதான்.

அப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தோம். என் கணவருக்கு ரயில்வேயில் எழுத்தர் வேலை. நாகப்பட்டினத்தில் மிஷன் பள்ளியில் படிக்கும்போதே நான் வீணை கற்றுக்கொண்டேன். கல்யாணமாகி இந்த நாட்டுக்குக் கப்பலில் வந்தபோது துணிமூட்டைகளுக்கு நடுவே அந்த வீணையும் வந்தது. தந்தி பதிந்து பதிந்து, இடக்கையின் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனித்தோல் காய்த்து, கறுப்புக் கோடு விழுந்திருந்தது. பாக்குக் கொட்டை மாதிரி கெட்டி.

நுனியில் ஒன்றும் இல்லை. கேடு கணுக்களில் வந்தது. ஒரு மழைக்காலத்தில் தொடங்கியது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. வெந்நீரில் கையை வைத்து, சற்று இளகிய பிறகுதான் காப்பி டம்ளரைப் பிடிக்க முடியும். கணுக்கள் புடைத்தன. நடுவிரல் மெல்ல ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. பாசாருக்குக் காய்கறி வாங்கப் போனால் கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொள்வேன்.

யாரிடமும் சொல்லவில்லை. காரணம் இருந்தது. எங்கள் வரிசையிலேயே ஒருவருக்கு விரல்கள் மடங்கிப்போய், ஒரு நாள் வண்டி வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. மறுநாள் அவருடைய பாயையும் சட்டிகளையும் பின்சந்தில் போட்டுக் கொளுத்தினார்கள். குஷ்டம் என்ற சொல்லை யாரும் வாயால் சொல்லவில்லை, 'அந்த வியாதி' என்றார்கள். அவருடைய இரண்டு பெண்களையும் கேட்டு அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை.

எனக்கு அது இல்லை என்று நம்பினேன். ஆனால் நான் நம்பி என்ன?

வீணையை நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் தந்திகளைத் தளர்த்தி, சுருதியை ஒரு கட்டை இறக்கினேன். தளர்ந்த தந்தியை அழுத்துவது சுலபம். என் வீணைக்குப் பாடிப் பழகிய மகள்தான் சிரமப்பட்டாள்.

"அம்மா, ரொம்பக் கீழ இருக்கு. எனக்கு வெறும் காத்துதான் வருது."

"இழுத்துக் கட்டினா தந்தி அறுந்துடும்டி. புதுசு கப்பல்லதான் வரணும்."

அவள் என் கையைப் பார்த்தாள்.

வரன் கிள்ளானிலிருந்து வந்தது. பையனுக்குத் துறைமுகத்தில் வேலை. அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர். காயத்துக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது, டாக்டர் துரை வராத நாட்களில் எல்லாவற்றையும் பார்ப்பது அவர்தான். என் கணவர் முந்திக்கொண்டு, பெண் பாடும், தாயார் வீணை வாசிப்பார் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனும் பெற்றோரும் வந்தார்கள். ரயில் தாமதம்.

"ரயில்வேக்காரர் வீட்டுக்கே ரயில் நேரத்துக்கு வரல பாருங்க" என்றார் பையனின் அம்மா.

"அது கிள்ளான் பக்கத்து ரயிலுங்க. இந்தப் பக்கத்துது ஒழுங்காத்தான் ஓடும்" என்றார் என் கணவர். எல்லோரும் சிரித்தார்கள். நான் கேசரியைத் தட்டுகளில் எடுத்துக் கொடுத்துவிட்டு வீணையுடன் உட்கார்ந்தேன்.

மகள் பாடினாள். பாதிக் கீர்த்தனையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்க வேண்டிய இடம். நடுவிரல் வழுக்கி, தந்தி கரகரத்தது. டிரெஸ்ஸர் முன்னால் குனிந்தார். பாட்டு முடியும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டார்.

"கை வீங்கின மாதிரி இருக்கேம்மா. வலிக்குதா?"

"இல்லீங்கண்ணே. வலியே இல்ல."

"அழுத்துறப்பகூடவா?"

"ஒண்ணுமே தெரியலீங்க" என்று சிரித்தேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். கேசரித் தட்டைப் பார்த்தார். அதற்கப்புறம் அதைத் தொடவில்லை. சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்துகொண்டார்கள்.

ஒரு வாரம் தகவல் இல்லை. பிறகு என் கணவர் வேலையிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றார். வரன் கொண்டுவந்த நண்பர் அவரிடம் பேசியிருந்தார்.

"ஒண்ணுமே தெரியலன்னு ஏன் சொன்ன? அந்த வியாதியில முதல்ல போறதே உணர்ச்சிதானாம். வலிக்குதுன்னு சொல்லியிருந்தா டிரெஸ்ஸர் சந்தேகமே பட்டிருக்க மாட்டாராம்."

மகள் அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். "தினம் வெந்நீர்ல கை வச்சு முனகுறியேம்மா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

மறுநாளே நானும் கணவரும் கிள்ளானுக்கு ரயில் ஏறினோம். வழியெல்லாம் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வலித்தது. வலிக்க வலிக்கக் கொஞ்சம் தைரியம் வந்தது. பத்து தீகா ஸ்டேஷன் தாண்டியதும் அதுவும் போய்விட்டது.

டிரெஸ்ஸர் எங்களை முன்கூடத்தில் உட்காரவைத்து, தான் தள்ளி உட்கார்ந்தார்.

"வலிக்குதுண்ணே. அன்னிக்குப் பொய் சொன்னேன்."

"இன்னிக்குச் சொல்றது நெசம்னு எப்படிம்மா தெரியும்?" கோபமாகக் கேட்கவில்லை. உள்ளே போய் ஊசி கொண்டுவந்தார். "கண்ண மூடிக்கங்க. குத்துறப்ப சொல்லுங்க."

மூடிக்கொண்டேன். தெருவில் மாட்டு வண்டி போகும் சத்தம் கேட்டது. அது தேய்ந்து மறைந்தது.

"குத்துங்கண்ணே" என்றேன்.

கண்ணைத் திறந்தேன். என் ஆள்காட்டி விரல் நுனியில் ஊசி செருகியபடி நின்றுகொண்டிருந்தது. என் கணவர் முகத்தை வேறு பக்கம் திருப்பியிருந்தார்.

எவ்வளவு நேரம் அந்த ஊசியைப் பார்த்தேனோ தெரியாது. அது நின்ற இடம் கறுப்புக் கோடு என்பது பிறகுதான் உறைத்தது.

"அண்ணே, அது தந்தி காய்ச்ச இடம். முப்பது வருஷக் காய்ப்பு. வீணை வாசிக்கிற யாரக் குத்தினாலும் அப்படித்தான். பக்கத்துல குத்துங்க. வலது கையில குத்துங்க."

விரலின் பக்கவாட்டில் குத்தினார். கை தானாகப் பின்னால் வந்தது. பிறகு வீங்கிய கணுவை இரண்டு விரலால் பிடித்து அழுத்தினார். கண்ணில் நீர் முட்டியது. அப்போதுதான் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு என் கையை முழுவதுமாக வாங்கிக்கொண்டார்.

"இது மூட்டு வாதம்மா. அது இல்ல."

உள்ளிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "அந்த நுனியும் உணரட்டுமே. நாளைக்கு நாலு பேரு கேட்டா நான் என்ன சொல்ல?"

அவர் என்னைப் பார்க்கச் சங்கடப்பட்டார். "ஒரு மாசம் வீணையத் தொடாதீங்க. தோல் உரியட்டும்."

வீணையை உறையில் போட்டு மூலையில் சாத்தினேன். வாசிக்காததால் கணுக்கள் இன்னும் இறுகின. உட்கார்ந்த இடத்திலெல்லாம் விரல்கள் சேலை மடிப்பை அழுத்திக்கொண்டிருந்தன. தினமும் காலையில் ஊசியால் குத்திப் பார்ப்பேன். தோல் வெள்ளையாகிச் செதில் செதிலாக உரிந்தது. நாலாவது வாரம் ஒரு நாள் சுருக்கென்றது. ஒரு பொட்டு ரத்தம். அதை மகளிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அவள் என் கையிலிருந்து ஊசியைப் பிடுங்கி, "போதும்மா" என்று அழுதாள்.

மீண்டும் கிள்ளானுக்குப் போனோம். டிரெஸ்ஸர் ஊசியை எடுக்கவே இல்லை. அவர் மனைவிதான் என் விரல் நுனியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு வெற்றிலைத் தட்டை என் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் விரல் என் விரலில் பட்டது. தற்செயலாகப் பட்டது என்று நான் நினைக்கவில்லை.

அடுத்த தை மாதம் கல்யாணம் நடந்தது.

இப்போது மறுபடியும் வாசிக்கிறேன். வாசித்தால் நுனி மரத்துப்போகிறது. விட்டால் கணு இறுகுகிறது. ஊசியை வீணை உறையிலேயே குத்தி வைத்திருக்கிறேன். காலையில் வெந்நீர், பிறகு ஊசி, பிறகு வீணை. காய்ப்பில்லாத இடமாகப் பார்த்துத்தான் குத்துகிறேன். இருந்தும், வலிக்கும்வரை மூச்சு நின்றுவிடுகிறது.

மகள் கிள்ளானிலிருந்து வந்தால், பையைக் கீழே வைக்கும் முன்பே அவள் கையைப் பிடித்து ஒவ்வொரு கணுவாக அழுத்துகிறேன்.

"வலிக்குதா?"

"இல்லம்மா" என்கிறாள், சிரித்துக்கொண்டே.

நான் அவள் முகத்தையே பார்க்கிறேன்.