சும்மா இருக்கும்போது ஓடும் கரண்ட்

ஆம்ப்ளிஃபயரின் பின்மூடியைக் கழற்றியதும் அவனுடைய இடது கை தானாகவே கால்சட்டைப் பைக்குள் போய்விடும். கல்லூரி ஆய்வகத்தில் ஆரம்பித்த பழக்கம், பதினொரு வருடமாகிறது. திறந்து கிடக்கும் மின்கருவியில் இரண்டு கையும் பட்டால், கரண்ட் ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக மறு கையில் இறங்கிவிடும். நல்ல பழக்கம்தான். ஆனால் அந்தக் கைக்கு இப்போது இடம் பொருள் தெரிவதில்லை. வேலைக்கான நேர்முகத் தேர்வில், மூன்று அதிகாரிகளுக்கு முன்னால் போய்விட்டது.

"திமிர் பிடிச்சவன்னு நெனச்சு அனுப்பிட்டாங்க. எனக்குப் பதில் தெரியாதுங்கிறது கடைசி வரைக்கும் வெளிய வரல. அந்த வகையில லாபம்தான்" என்பான்.

கிட்டார் வாசிப்பவர்கள் அவனுக்கு வைத்த பெயர் 'பாக்கெட்'.

மாடிப்படிக்கு அடியில் அவனுடைய ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கடை. உயரமானவர்கள் குனிந்துதான் வர வேண்டும். நிமிர்ந்து போனவர்கள் நெற்றியைத் தடவிக்கொண்டே போயிருக்கிறார்கள். சுவரில் சட்டம் போட்ட பட்டச் சான்றிதழ். குடும்பத்திலேயே முதல் பட்டம். "பின்னாடி ஈரம் ஊறுதுங்க. அதை மறைக்கக் கரெக்டான சைஸு. நாலு வருஷம் வீண் போகல." அவன் அம்மாவுக்கு இந்த நகைச்சுவை பிடிக்காது. "பாட்டுப் பெட்டி ரிப்பேர் பண்ணவாடா அவ்வளவு படிச்ச?" என்று கேட்பாள். அவனுக்கும் அதே சந்தேகம் உண்டு.

வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரே ஆசை: ஓசையைப் பெருக்கும் கண்ணாடிக் குழாயான வால்வைப் பெரிதாகப் போட்டால் சத்தம் கூடுமா? பொறுமையாகச் சொல்வான். உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் எந்த வால்வைத் தாங்குமோ அதைத்தான் போட வேண்டும். அதுவும் ஜோடியாக, ஒரே அளவு கரண்ட் இழுக்கும் இரண்டாகப் பார்த்து எடுக்க வேண்டும். "இல்லன்னா ஆபீஸ் மாதிரி ஆயிடும். ஒருத்தன் உழைப்பான், இன்னொருத்தன் கையெழுத்துப் போடுவான். உழைக்கிறவன் சீக்கிரம் போய்ச் சேர்ந்துடுவான்."

வால்வை மாட்டினால் வேலை முடியாது. யாரும் வாசிக்காமல் சும்மா இருக்கும்போது அதற்குள் எவ்வளவு கரண்ட் ஓடலாம் என்று அளந்து வைக்க வேண்டும். அதற்குப் பெயர் பயஸ். குறைத்து வைத்தால் ஓசை வறண்டுபோகும். கூட்டி வைத்தால் வால்வு தன்னைத்தானே எரித்துக்கொள்ளும். "எங்கம்மாவுக்குக் கொஞ்சம் கூடுதலா வெச்சுட்டாங்க. எனக்கு வெக்கவே மறந்துட்டாங்க."

வேலையில் மட்டும் விளையாட்டு கிடையாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் நானூறு வோல்ட் தேங்கி நிற்கும். அதை ஒரு ரெசிஸ்டர் வைத்து வடித்து, மீட்டரில் பூஜ்யம் வந்ததைப் பார்த்த பிறகே விரல் உள்ளே போகும். ஸ்பீக்கரை இணைக்காமல் சுவிட்சைத் தொட மாட்டான். வால்வு சூடேறியதும் அளப்பான், சின்னத் திருகை மயிரிழை திருப்புவான், இருபது நிமிடம் காத்திருந்து மறுபடி அளப்பான். மனக்கணக்காக வருவதைக்கூடக் காகிதத்தில் போட்டுச் சரிபார்ப்பான். இந்த ஒழுங்கெல்லாம் வந்து மூன்று வருடம்தான் ஆகிறது.

அதற்குக் காரணம் மாமா. அக்காவின் கணவர், விழாக்களில் கிட்டார் வாசிப்பவர். கல்லூரி விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் இருந்தபோது, ஒரு நாள் முழுக்க வரிசையில் நின்று, கேட்டுக் கேட்டு எழுதிக் கொடுத்தவர். "எங்க வீட்டு இன்ஜினியர்" என்று தெரியாதவர்களிடமும் சொல்லி வைப்பார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மதியம் தன் ஆம்ப்ளிஃபயரோடு வந்தார். சாயங்காலம் ஒரு மண்டபத்தில் நிகழ்ச்சி, பழைய வால்வுகள் தளர்ந்திருந்தன. புது ஜோடியிலும் அதே எண்தான் அச்சிட்டிருந்தது. எண் ஒன்றுதானே என்று பழையதைப் பிடுங்கிப் புதியதைச் செருகி, பயஸை அளக்காமலே பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டான். எண் ஒன்றானாலும் இழுக்கும் கரண்ட் வேறு என்பதைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான்.

மூன்றாவது பாட்டில் வால்வுகளுக்குள் இருந்த தகடு கொல்லன் உலை மாதிரி சிவந்தது. மேடை விளக்கு என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. பிறகு புகை. பிறகு மௌனம். டிரான்ஸ்ஃபார்மரும் போயிருந்தது.

கூட்டத்திலிருந்து மேடைக்கு ஓடிய பாக்கெட்டிடம் மாமா கேட்டார்: "என்னப்பா ஆச்சு?"

"மண்டபத்துல கரண்ட் ஏறி இறங்குது மாமா."

உண்மை செருப்பு மாட்டுவதற்குள் பொய் தெருமுனைக்குப் போய்விட்டது. மாமா நேராக மண்டபத்து எலக்ட்ரீஷியனிடம் போய் அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். அந்த மனிதரும், எதற்கும் இருக்கட்டும் என்று, மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் மாமா ஒரு ஸ்டெபிலைசர் வாங்கினார். இருபது கிலோ. அன்றிலிருந்து எந்த மேடைக்குப் போனாலும் அதையும் தூக்கிக்கொண்டு போகிறார்.

இந்தக் கதையை பாக்கெட் எல்லா வாடிக்கையாளருக்கும் நடித்தே காட்டுவான். தன் அசட்டு முகம், எலக்ட்ரீஷியனின் கும்பிடு, கைதட்டல் எல்லாம் வரும். பேஸ் கிட்டார் வாசிக்கும் பள்ளி ஆசிரியை ஒருத்தி மட்டும் சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள்:

"இதை உங்க மாமாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"அவருக்கு ஜோக்கெல்லாம் புரியாதுங்க டீச்சர்."

"ஜோக்கை யாரு சொல்லச் சொன்னா?"

அன்று அவன் பேச்சை மாற்றி, அவளுடைய ஒயரில் இல்லாத குறையைத் தேட ஆரம்பித்தான்.

போன வாரம் மாமா மறுபடி வால்வு மாற்ற வந்தார். ஸ்டெபிலைசரும் கூடவே வந்தது. இடுப்பில் வலிக்கான பெல்ட் கட்டியிருந்தார். இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டு, அளந்து, காத்திருந்து, மறுபடி அளந்து முடித்தான். மூடியைத் திருகிவிட்டுத் தொண்டையைச் செருமினான்.

"மாமா, அன்னைக்கு அந்த மண்டபத்துல..."

"அதைத்தான்பா நானும் நெனச்சேன். நீ சொன்னது எவ்வளவு சரி. இந்தப் பெட்டி வந்ததுல இருந்து ஒரு தடவை பிரச்சனை வந்திருக்கா?"

"இல்ல மாமா, அது வந்து..."

"இடுப்புதான் கொஞ்சம் பிடிச்சுக்குது. அது கெடக்கட்டும். இதவிடப் பெருசா ஒண்ணு விக்குறாங்களாமே, வாங்கிடலாமா?"

"வேண்டாம் மாமா. இதுவே அதிகம்."

"இன்ஜினியர் சொன்னா சரி" என்று மாமா ஸ்டெபிலைசரைத் தூக்கக் குனிந்தார். பாக்கெட் அவரை நகர்த்திவிட்டுத் தானே அதை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினான். படிக்கடியில் குனிந்து வெளியே வந்து, ஸ்கூட்டரின் பின்சீட்டில் வைத்தான். கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டி, முடிச்சு இறுகியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தான்.