துடைத்துக் கொடுத்த கண்ணாடி

குடும்பத்தில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். வைத்தது யார் என்பதில் போட்டி உண்டு. பெயர் பொருத்தம்தான் என்பதில் மட்டும் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. ஐம்பத்தொரு வயதாகியும் இன்னும் நின்றுகொண்டேதான் டீ குடிப்பாள். சாப்பிடும்போதும் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அடுப்புக்கும் ஜன்னலுக்குமாக நடப்பாள். அவளைக் கட்டிக்கொண்டவர் நேர்மாறு. அவர் உட்கார்ந்தால் நாற்காலிதான் முதலில் அலுத்துக்கொள்ள வேண்டும்.

புத்தாண்டு அன்று காலை எட்டு மணிக்குள் அவள் சமையலறை அலமாரியை இரண்டு முறை துடைத்து முடித்திருந்தாள். மூன்றாம் முறை துணியை நனைத்தபோது அவர் பேப்பரை இறக்கினார்.

"அந்த அலமாரி உனக்கு என்ன துரோகம் பண்ணுச்சு?"

"பிசுபிசுன்னு இருக்கு."

"அலமாரி நல்லாத்தான் இருக்கு. நீ ஃபோனை எடு."

ஃபோன் மேசைமேல் கிடந்தது. அவள் அதைப் பார்க்காமல் அலமாரியையே துடைத்தாள்.

விஷயம் இதுதான். அந்தக் குடும்பத்தில் புத்தாண்டு வாழ்த்து கண்டபடி சொல்வதற்கில்லை. அதற்கு ஒரு ஏணி உண்டு. வெளியூருக்குப் பேசுவதே பெரிய செலவாக இருந்த காலத்தில் அவர்கள் அப்பா கட்டிய ஏணி அது. ஒருத்தர் ஒரே ஒரு அழைப்புதான் செய்ய வேண்டும், அதுவும் தனக்கு மூத்தவருக்கு. கடைசித் தம்பி தன் வீட்டுச் சேதியை அவளிடம் சொல்வான். அவள் அதோடு தன் வீட்டுச் சேதியைச் சேர்த்து அக்காவிடம் சொல்வாள். அக்கா மூன்று வீட்டுச் சேதியையும் மூட்டை கட்டிப் பெரியண்ணனிடம் கொண்டு போவாள். அவர் எல்லாம் கேட்டுவிட்டு, யார் வீட்டில் எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று சொல்ல, அது அதே வழியாக இறங்கி வரும். இப்போது உலகத்தின் மறுகோடிக்கே முகம் பார்த்துப் பேசலாம். ஆனால் ஏணியை யாரும் எடுக்கவில்லை. எடுத்தால் அப்பாவையே எடுத்துப் போட்ட மாதிரி இருக்கும் என்று ஒரு பயம்.

நான்கு மாதத்துக்கு முன்னால் அக்கா போய்விட்டாள். ஆக, இந்த வருஷம் பம்பரத்துக்கு அடுத்த படி பெரியண்ணன். அவரோடு அவள் பேசி ஆறு வருஷம் ஆகிறது. அக்கா போன அன்றைக்குக்கூட இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்களே தவிர, ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. முன்னால் குளுகுளுவென்று இருக்கும் கடையில் அல்ல. பின்கட்டில், ஜன்னல் இல்லாத அறையில். வட்டமாக வரும் லென்ஸை ஃபிரேமின் வடிவத்துக்குத் தேய்த்துப் பொருத்துவது அவள் பொறுப்பு. சில கண்களுக்குப் பவர் மட்டும் சரியாக இருந்தால் போதாது. லென்ஸ் எந்தப் பக்கம் திரும்பி உட்கார வேண்டும் என்று சீட்டில் ஒரு கோணம் எழுதியிருக்கும். அது பிசகினால் கோடெல்லாம் சாயும், தூரமெல்லாம் பொய் சொல்லும். முப்பது வருஷத்தில் அவள் பொருத்திய கண்ணாடி திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமை அவளுக்கு உண்டு, கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

பெரியண்ணன் பஸ் டிரைவர். ஆறு வருஷத்துக்கு முன்னால், ஆண்டுக் கடைசியின் கூட்ட நெரிசலில், அவருக்குப் புதுக் கண்ணாடி செய்தவளும் அவள்தான். போட்டு மூன்றாம் நாள் டெப்போவில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது சுவரில் இடித்துவிட்டார். யாருக்கும் அடியில்லை, வண்டியின் பின்பக்கம்தான் நசுங்கியது. மறுநாள் புத்தாண்டுச் சாப்பாட்டில், எல்லார் முன்னிலையிலும், "நீ செஞ்சு குடுத்த கண்ணாடிதான். சுவர் எங்கேயோ இருக்கற மாதிரி காட்டுச்சு" என்றார்.

அவளுக்குச் சுருக்கென்று ஏறியது. "ஸ்டியரிங்ல தூங்கினா கண்ணாடி என்ன பண்ணும்?" என்று கேட்டுவிட்டாள். யாரோ சிரித்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார்.

அந்தக் கண்ணாடியை அவள் வீட்டுக்கு எடுத்து வந்தாள். கடை திறந்ததும் முதல் வேலையாக அதைக் கருவியில் வைத்துப் பார்த்தாள். இடது கண் சரி. வலது கண்ணுக்கும் இடது கண்ணின் கோணத்தையே வைத்திருந்தாள். நின்றுகொண்டே மூன்று சீட்டை ஒன்றாகப் பார்த்த வேலை. அவளுக்குக் கை கால் ஓடவில்லை. பிறகு ஓடியது. யாருக்கும் தெரியாமல் வேறு லென்ஸ் எடுத்து, சரியான கோணத்தில் தேய்த்து, அதே ஃபிரேமில் மாட்டி, அக்காவிடம் கொடுத்தாள். "பாத்தேன்கா, ஒண்ணும் தப்பில்ல. சும்மா துடைச்சு வெச்சிருக்கேன்" என்றாள்.

பொய்தான். ஆனால் அன்றைக்கு அது சின்னப் பொய்யாகத்தான் தெரிந்தது. அண்ணன் கோபம் ஆறட்டும், நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஒரு மாதத்தில் அவர் வண்டியிலிருந்து இறங்கி டெப்போ மேசைக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டாள். ஆபீஸில் இறக்கிவிட்டார்கள் என்று அவளாகவே எடுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் சொல்வதற்கு வாய் வரவில்லை.

நடுவில் அக்கா இருந்தாள். பேசாத இரண்டு பேரை வைத்துக்கொண்டு அந்த மகராசி பட்ட பாடு இருக்கிறதே. புத்தாண்டு அன்று அவள் வீட்டில் இரண்டு ஷிஃப்ட். மத்தியானம் அண்ணன் வீட்டுக்காரர்கள், சாயங்காலம் பம்பரத்தின் வீட்டுக்காரர்கள். நடுவில் பாத்திரம் கழுவி, மேசை துடைத்து, அதே குழம்பைப் புதிதாக வைத்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பரிமாறுவாள். தம்பி மட்டும் வெட்கமில்லாமல் இரண்டு ஷிஃப்டும் சாப்பிடுவான். கடைசித் தட்டு வரைக்கும் அக்கா பம்பரத்தின் காதில் குசுகுசுவென்று சேதி சொல்வாள். "அண்ணனுக்கு அந்த மேசை வேலை ரொம்பப் பிடிச்சுப் போச்சாம்டி. நிம்மதியா இருக்காராம். உன் முட்டி வலி எப்படி இருக்குன்னு கேட்டார்." அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு பம்பரம் ஒரு வருஷம் தூங்கிவிடுவாள். அடுத்த வருஷம் அக்கா இன்னொரு வரி தருவாள். அக்காவை நினைத்தால் அவளுக்கு அந்தக் குரலும், சேலை நுனியில் எப்போதும் இருக்கும் ஈரமும்தான் முதலில் ஞாபகம் வரும்.

ஃபோன் அடித்தது. தம்பி.

"என்னக்கா, பேசிட்டியா?"

"இல்ல."

"ஏழரைக்கே நான் சேதி சொல்லியாச்சு. இப்ப மணி ஒன்பதே கால். நாங்க குளிச்சு உடுத்திக்கிட்டு உக்காந்திருக்கோம். எங்க போறதுன்னு தெரியல."

"பேசறேண்டா."

"நான் வேணா அண்ணனுக்கு நேரா..."

"வேண்டாம். பேசறேன்."

வைத்துவிட்டுக் கூடத்தில் நான்கு நடை நடந்தாள். செருப்பு ஜோடிகளை வரிசையாக வைத்தாள். திரும்ப வந்து ஒரு ஜோடியை இடம் மாற்றினாள். கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனார், அதுவும் வழக்கத்துக்கு மாறாகக் கூடத்துக் கதவையும் சாத்திவிட்டு. தனக்காகத்தான் இடம் விட்டுப் போகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. எண்ணை அழுத்தினாள்.

நாலாவது மணியில் எடுத்தார்.

"அண்ணா, நான் சின்னவ பேசறேன்."

"தெரியுது. நம்பரை அழிக்கல."

அவள் நடந்தபடியே மடமடவென்று ஒப்பித்தாள். தம்பி வீட்டில் எல்லாரும் நலம், மகனுக்கு வேலை கிடைத்துவிட்டது, தம்பி மனைவிக்குப் பல்வலி. தன் வீட்டில் எல்லாரும் நலம். அடுத்து அக்கா வீட்டுச் சேதி வர வேண்டிய இடம். அங்கே நின்றாள்.

"அக்கா வீட்டு மாமா இப்ப அவர் மகன் வீட்லதான் இருக்கார். பரவாயில்லையாம்" என்றாள்.

"ம். எனக்கு அடுத்த மாசம் ரிட்டயர்மென்ட்."

"அக்கா சொல்லியிருந்தா. மேசை வேலை உங்களுக்குப் பிடிச்சுப் போச்சு, நிம்மதியா இருக்கீங்கன்னும் சொல்லுவா."

"யாரு, பெரியவளா சொன்னா?"

"வருஷா வருஷம் சொல்லுவா."

அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது. "வண்டி எத்தனை மணிக்குப் போச்சு, எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு எழுதற வேலை. ஜன்னல் வழியா மத்தவன் ஓட்டறதைப் பாத்துக்கிட்டே எழுதணும். அது யாருக்குப் பிடிக்கும்? நான் அவகிட்ட அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்ல."

பம்பரம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப திரும்ப வண்டி கேட்டிருக்கலாமே. ஒரு தடவை இடிச்சதுக்கு ஆறு வருஷமா இறக்கி வைப்பாங்க?"

"அவங்க எங்க இறக்கினாங்க? ஒரு மெமோ குடுத்தாங்க, அவ்வளவுதான். நானா எழுதிக் குடுத்துட்டு இறங்கினேன்."

"ஏன் அண்ணா?"

"ஏன்னா கேக்கற? நீதானே கண்ணாடியைப் பாத்துட்டு ஒண்ணும் தப்பில்லன்னு அனுப்பினே. போட்டுப் பாத்தேன். எல்லாம் பளிச்சுன்னு தெரிஞ்சுது. அப்ப தப்பு அதுல இல்ல. நீ சொன்ன மாதிரி கண் அசந்துட்டேன் போல, எனக்கே தெரியாம. தான் தூங்கறது தனக்கே தெரியாதவன் ஐம்பது பேரை ஏத்திக்கிட்டு எப்படிப் போறது?"

குற்றம் சாட்டுகிற குரலில்கூட அவர் சொல்லவில்லை. அதுதான் அவளைக் கொன்றது. ஆறு வருஷமாக அவளுக்குள் ஒரு கணக்கு இருந்தது: ஆபீஸ் இறக்கியது, அவருக்கும் பழகிவிட்டது, இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது. அந்தக் கணக்கில் இப்போது ஒன்றும் மிஞ்சவில்லை. அக்கா மேல்கூட ஒரு நிமிஷம் கோபம் வந்தது. வந்த வேகத்தில் வெட்கமாகவும் இருந்தது. இனிப்புத் தடவிக் கொடுத்தவள் அக்கா. உள்ளே இருந்த பொய் இவளுடையது.

"அண்ணா, நான் அதைத் துடைச்சு மட்டும் அனுப்பல."

"என்ன?"

"வலது லென்ஸ் கோணம் மாறி உக்காந்திருந்தது. நான் வெச்சதுதான். கடையில வெச்சுப் பாத்ததுமே தெரிஞ்சுடுச்சு. வேற லென்ஸ் போட்டுட்டு, ஒண்ணும் தப்பில்லன்னு சொல்லிக் குடுத்தேன்."

அந்தப் பக்கம் எங்கோ குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அது நின்றது.

"அப்ப நான் தூங்கல" என்றார்.

"தூங்கல அண்ணா."

"யோசிச்சுச் சொல்லு."

"தூங்கல. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு யார் ரிவர்ஸ் எடுத்திருந்தாலும் இடிச்சிருப்பாங்க."

அவர் ஃபோனை வாயிலிருந்து எடுத்துவிட்டு உள்ளே பார்த்துக் கூப்பிடுவது கேட்டது. "ஏய், இங்க வா. நான் தூங்கலையாம்."

"யாரு சொன்னா?" என்று அண்ணியின் குரல்.

"சின்னவ."

"ஆறு வருஷமா நான் சொன்னேன். அது காதுல ஏறல."

திரும்ப ஃபோனுக்கு வந்தபோது அவர் குரல் வேறாக இருந்தது. "ஆறு வருஷம்டி."

"ஆமா."

"இப்ப நீ மன்னிப்பெல்லாம் கேக்காதே. நான் என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியல."

"சரிங்க அண்ணா."

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னே."

"ஆமா. எல்லார்கிட்டயும் நானே சொல்றேன்."

"சொல்லு" என்றார். "சாப்பாடு இங்க. ஒரு மணிக்கு. கீழ சொல்லிடு."

வைத்துவிட்டார். அந்தச் சாப்பாட்டில் தனக்கும் தட்டு உண்டா என்று அவள் கேட்கவில்லை. கேட்கும் தைரியமும் இல்லை. முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, நேரம் கடத்தாமல் தம்பியின் எண்ணை அழுத்தினாள்.

"என்னக்கா சொன்னார்? எங்களை விசாரிச்சாரா?" என்று அவன் முதல் மணியிலேயே எடுத்தான்.

அக்காவாக இருந்தால் இந்த இடத்தில் ஏதாவது ஒரு நல்ல வார்த்தையைச் சேர்த்திருப்பாள்.

"விசாரிக்கலடா. ஸ்பீக்கர்ல போடு. வீட்ல எல்லாரும் இருக்காங்களா?"

"இருக்காங்க. ஏன்?"

"எல்லாரும் கேளுங்க. அன்னிக்கு அண்ணன் வண்டியில தூங்கல. நான் செஞ்ச கண்ணாடிதான் தப்பு. அது தெரிஞ்சும் மறைச்சேன். அதை நம்பி அவரா வண்டியை விட்டு இறங்கிட்டார்."

தம்பி மெதுவாகக் கேட்டான்.

"அக்கா, சாப்பாடு?"

"ஒரு மணிக்கு, அண்ணன் வீட்ல. நீங்க எல்லாரும் முன்னாடி போங்க. நான் பின்னாடி வந்து வாசல்ல நிக்கறேன். கூப்பிட்டார்னா உள்ள வரேன்."