பத்தாவது மணி

பாக்சிங் ரிங்கில் நான் ஏறியது மூன்றே முறை. மூன்றிலும் எதிராளியைவிட மணியைத்தான் அதிகம் பார்த்தேன், எப்போது அடிப்பார்களோ என்று. அந்த அனுபவத்தை மதித்து எங்கள் கிளப்பில் என்னை டைம்கீப்பர் ஆக்கிவிட்டார்கள். இருபது வருடமாக ஸ்டாப்வாட்ச்சும் வெண்கல மணியும் என் பொறுப்பு. அடி வாங்காமல் ரிங்கை ஒட்டி உட்கார இதைவிட நல்ல இடம் கிடையாது.

நாங்கள் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிட்டவர் அப்படியில்லை. எங்கள் கிளப்பில் நிஜமான பாக்சர் அவர் ஒருவர்தான். பகலில் ஒர்க்‌ஷாப், சாயங்காலம் ரிங். விழுந்திருக்கிறார், நானே பார்த்திருக்கிறேன். ரெஃப்ரி பக்கத்தில் நின்று ஒன், டூ என்று எண்ண, ஒரு முழங்காலை ஊன்றி, வீட்டு வாசலில் காற்று வாங்குகிறவர் மாதிரி மூச்சு வாங்குவார். பத்து எண்ணி முடித்தால் ஆட்டம் முடிந்தது. அவர் ஒன்பதுக்குள் எழுந்துவிடுவார். அவருக்கு யாரும் பத்து எண்ணியது கிடையாது.

அப்படிப்பட்டவர் ஒரு ராத்திரி தூக்கத்திலேயே போய்விட்டார்.

அடுத்த வருடம் அவர் நினைவாக ஒரு போட்டி நடத்தினோம். ஆடி மாதம், முகூர்த்தம் கிடையாது, அதனால் திருவானைக்காவலில் ஒரு கல்யாண மண்டபம் சுலபமாகக் கிடைத்தது. நடுவில் ரிங். பந்தி போடும் இடத்தில் எடை மெஷின். சிவப்பு கார்னர் ஆட்டக்காரர்களுக்கு மணமகன் அறை, எதிரே நீல கார்னர்காரர்களுக்கு மணமகள் அறை. மீசை வைத்த ஹெவிவெயிட் ஒருவர் மணமகள் அறையிலிருந்து தலையைக் குனிந்தபடி வந்ததைப் பார்த்து நான் சிரித்த சிரிப்புக்கு, அன்றைக்கே எனக்குத் தண்டனை காத்திருந்தது.

கிளப் செயலாளர் ரிட்டயர்டு பி.டி. வாத்தியார். எல்லோருக்கும் மாஸ்டர். முதல் ஆட்டத்துக்கு முன்னால் மணியைப் பத்து முறை அடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். இறந்துபோன பாக்சருக்குச் செய்யும் மரியாதை அது. எல்லோரும் எழுந்து நிற்பார்கள்.

“பத்து அடி. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல அஞ்சு செகண்டு. இன்னைக்கு ஏதாவது கோமாளித்தனம் பண்ணினே, அந்த மணியை உன் மண்டையில அடிப்பேன்.”

“மண்டையில அடிச்சாலும் அதே சத்தம்தான் வரும் மாஸ்டர்.”

அவர் சிரிக்கவில்லை.

அண்ணி ஸ்ரீரங்கத்திலிருந்து ஆட்டோவில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் ஆடிய ஒரு போட்டிக்கும் வந்தவரில்லை. என்னைப் பார்த்துக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

“தம்பி, பத்து தடவ மணி அடிப்பாங்கன்னு மாஸ்டர் சொன்னாரு.”

“ஆமா அண்ணி. நான்தான் அடிக்கிறேன்.”

“ஒன்பதோட நிறுத்திக்க முடியுமா?”

சிரித்தேன். பயம் வந்தால் எனக்கு முதலில் வருவது அந்தச் சிரிப்புதான். அண்ணி அதைப் பொருட்படுத்தவில்லை.

“காலையில அவர எழுப்பறதே நான் எண்ணித்தான். கட்டில் பக்கத்துல நின்னு ஒண்ணு, ரெண்டுன்னு ஆரம்பிப்பேன். கண்ண மூடிக்கிட்டே சிரிப்பாரு. ஒன்பதுன்னா டக்குனு எழுந்து உக்காந்துருவாரு. கல்யாணமான நாள்லேருந்து இதே விளையாட்டுதான். பத்துன்னு நான் சொன்னதே இல்ல.” சேலைத் தலைப்பை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். “அன்னைக்கும் ஒன்பது வரைக்கும்தான் எண்ணினேன் தம்பி.”

இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பேர் போடாமல் எழுதச் சொன்னார்.

மாஸ்டரிடம் போனேன். மைக்கோடு போராடிக்கொண்டிருந்தார். “மாஸ்டர், ஒன்பது அடிச்சா என்ன ஆகும்?”

“ஒன்பதரையா அடிச்சுக்கோ. போய் உக்காருய்யா.”

விவரமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அது அண்ணி என்னிடம் மட்டும் சொன்னது. அதை மைக் பக்கத்தில் நின்று சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக இரண்டு முறை பாத்ரூம் போய் வந்தேன். நோட்டீஸில் எந்தப் படத்தைப் போடுவது என்று நாங்கள் நாலு நாள் சண்டை போட்டிருக்கிறோம். அந்த மணி அண்ணியின் காதில் எப்படி விழும் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. பத்து எங்கள் வழக்கம். யாருக்காகச் செய்கிறோமோ அவர் வீட்டில் அந்த எண் கிடையவே கிடையாது.

எல்லோரும் எழுந்தார்கள். நான் அடித்தேன். நாலு வரைக்கும் கை ஒழுங்காக இருந்தது. ஆறில் வியர்த்தது. ஏழா எட்டா என்று ஒரு கணம் குழம்பினேன். ஒன்பதோடு நிறுத்த வேண்டியவனுக்கு எண்ணிக்கையே போச்சு. நல்லவேளை, முன்வரிசையில் ஒரு பழைய பாக்சரின் உதடு அசைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து எண்ணினேன். ஒன்பதாவதை அடித்தேன். உள்ளங்கையால் மணியை மூடிக்கொண்டேன்.

மண்டபம் பத்தாவதுக்காகக் காத்து நின்றது. மாஸ்டரின் புருவம் ஏறியது. அப்போது அண்ணி உட்கார்ந்தார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்கள், பிறகு ஒவ்வொரு வரிசையாக எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

“எண்ணத் தெரியாதாய்யா உனக்கு?” மாஸ்டர் மைக்கைக் கையால் பொத்தியும் எல்லோருக்கும் கேட்டது.

“பதட்டத்துல விட்டுப்போச்சு மாஸ்டர்.”

மண்டபமே சிரித்தது. ஒருத்தராவது சந்தேகப்பட வேண்டுமே? என் பயந்தாங்கொள்ளிப் பேருக்கு ஊரில் அவ்வளவு மதிப்பு.

தப்பித்தோம் என்று மூச்சு விட்டபோதுதான், இந்தப் பெரிய மூளைக்கு ஒன்று உறைத்தது. ரிங்குக்குள் இரண்டு பெண்கள் கிளவுஸ் மாட்டித் தயாராக நிற்கிறார்கள். மணி அடித்தால்தான் ஆட்டம் ஆரம்பிக்கும். அடுத்து அடிப்பதுதான் பத்தாவது.

ரெஃப்ரி என்னைப் பார்த்தார். நான் விசிலை எடுத்தேன், வைத்தேன். ஸ்டாப்வாட்ச்சைத் துடைத்தேன். இருமினேன். கடைசியில் வேறு வழியில்லாமல் அண்ணியைப் பார்த்தேன். அவருக்கும் புரிந்திருந்தது. கண் என் கையிலிருந்த சுத்தியலில் இருந்தது. பிறகு ரிங்கைப் பார்த்தார். நீல கார்னர் பெண் சும்மா நிற்க முடியாமல் குதித்துக்கொண்டே இருந்தாள். அண்ணி அவளை வெகுநேரம் பார்த்த மாதிரி எனக்குத் தோன்றியது.

“அந்தப் பிள்ளைங்க நிக்குதுங்க பாருங்க,” என்றார். “அடிங்க தம்பி.”

அடித்தேன். ஸ்டாப்வாட்ச்சை அழுத்த மறந்துபோனேன். அந்த முதல் ரவுண்டு எவ்வளவு நேரம் நடந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அது முடிகிறவரைக்கும் அண்ணி ரிங்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.