துணிக்கடைக்காரர் அடுக்கிய கேபிள்கள்

தையல் கடைக்கு மேலே உள்ள ஒற்றை அறையில் கம்ப்யூட்டர் கட்டிக் கொடுக்கும் அந்தப் பெண்ணுக்குத் தெரு வைத்த பெயர் 'தனிக்கேபிள் அக்கா'. பெயர் சும்மா வந்துவிடவில்லை. ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு மூன்று கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்று வருகிறவர் யாராக இருந்தாலும், ஒரு பாட்டம் திட்டு வாங்காமல் படியிறங்கியதில்லை.

"ஒரு கேபிள்ல ரெண்டு தலை இருக்கேன்னு ரெண்டையும் கொண்டுபோய் ஒரே கார்டுல சொருகிடுவீங்க. அது சூடாகி உருகி நாத்தம் வந்த பிறகு என்கிட்ட ஓடி வருவீங்க. ஒவ்வொரு சொருகலுக்கும், கரண்ட் குடுக்கிற பவர் சப்ளையிலேருந்து தனியா ஒரு கேபிள் வரணும். அதுக்குச் சம்மதம்னா உட்காருங்க."

சம்மதிக்காமல் வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு, கருகிய கார்டோடு திரும்பி வந்தவர்களும் உண்டு. திரும்பி வந்தவர்களுக்கு இன்னொரு பாட்டம் திட்டு. ஆனால் வேலை மட்டும் கச்சிதமாக நடக்கும்.

பழுது பார்க்கும் கடை ஒன்றில் போன் எடுத்துப் பேசத்தான் அவள் முதலில் சேர்ந்தாள். வந்த புகார்களுக்கெல்லாம் முதலாளியைக் கேட்காமலே பதில் சொல்ல ஆரம்பித்தாள். முதலாளிக்குக் கோபம். சொன்ன பதில்கள் சரியாக இருந்ததில் இன்னும் கோபம். அங்கிருந்து வெளியே வந்தவள் இந்த அறையைப் பிடித்தாள். தன் கைமேல் அவளுக்கு மலையளவு நம்பிக்கை. அடுத்தவர் கைமேல் அறவே கிடையாது.

அப்படிப்பட்ட அறைக்குள்தான் அவள் புருஷன் வந்து சேர்ந்தார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே துணிக்கடையில் நின்றவர். கடையை மூடிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்தவர், மடித்த போர்வைகளையே பிரித்துப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். அவளால் அதைப் பார்க்க முடியவில்லை. "நாளையிலேருந்து என்கூட வாங்க" என்று கூப்பிட்டாள். மூச்சு விடுவதற்குள், "நான் வேலை பார்க்கிற பெஞ்சுல மட்டும் கை வைக்காதீங்க" என்றும் சேர்த்துக்கொண்டாள். அவரும் வருகிறவர்களை உட்கார வைப்பது, தூசி தட்டுவது, டீ போடுவது என்று நல்ல பிள்ளையாகத்தான் இருந்தார்.

அன்று பெஞ்சின் மேல் இருந்தது, பொம்மைப் படம் எடுக்கும் ஒரு பெண்ணின் கம்ப்யூட்டர். சிறுகச் சிறுக அவள் சேர்த்த மூன்று கிராபிக்ஸ் கார்டுகள் அதில் இருந்தன. அவை போனால் அவள் தொழிலே போச்சு. மூன்று கார்டும் மற்ற பாகங்களும் முழு மூச்சில் ஓடினால் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று அக்கா கூட்டிப் பார்த்து, அதற்கு மேலும் தாராளமாகத் தாங்குகிற பவர் சப்ளையாகத் தேர்ந்தெடுத்திருந்தாள். கார்டுகளுக்குக் கேபிள் மாட்டுவதுதான் பாக்கி. அதற்குள் மின்விசிறி ஒன்று குறைகிறது என்று கடைத்தெருவுக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது படக்காரப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். புருஷன் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"மாட்டிட்டேன். பின்னாடி இருக்கிற சுவிட்சை மட்டும் உனக்காக விட்டு வச்சிருக்கேன்."

குனிந்து பார்த்தாள். ஒரு கார்டுக்கு இரண்டு சொருகல், ஒவ்வொன்றுக்கும் தனிக் கேபிள். எங்கும் தொங்கவில்லை, முறுக்கிக்கொள்ளவில்லை. ஜவுளி மடிப்பு மாதிரி இருந்தது. மனுஷன் காதில் எல்லாம் விழுந்துதான் இருக்கிறது என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோய் சுவிட்சில் விரலை வைத்தாள். அப்போது அலமாரி கண்ணில் பட்டது. ஒவ்வொரு பவர் சப்ளையின் கேபிள்களையும் தனித்தனிப் பையில் போட்டு வைத்திருந்தாள். ஒரு பையையும் காணோம். ஒரே பெட்டியில் எல்லாக் கேபிள்களும் குட்டையிலிருந்து நெட்டை வரை வரிசையாகப் படுத்திருந்தன.

"இது யாரு செஞ்ச வேலை?"

"நான்தான். மூலைக்கு ஒரு பையா கெடந்துச்சு. எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே மாதிரி தலை. அதான் நீளம் பார்த்து அடுக்கிட்டேன். இதுக்கு அளவா இருந்ததை எடுத்து மாட்டினேன்."

அவள் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். திட்டவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"என்னக்கா?" என்றாள் படக்காரப் பெண்.

"பார்க்க ஒரே மாதிரி இருக்கும்மா. ஆனா பவர் சப்ளையில சொருகுற பக்கம், உள்ள வர்ற கம்பி வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வேற ஒண்ணோட கேபிளை இதுல மாட்டினா, கார்டுக்கு எந்தக் கம்பியில என்ன வரும்னு சொல்ல முடியாது. போட்ட அடுத்த நொடி கார்டு காலி."

"நீங்க சொல்லித்தானேக்கா அவர் மாட்டினாரு?"

அக்கா வாயைத் திறக்கும் முன்பே அவர் முந்திக்கொண்டார். "நானாத்தான் மாட்டினேன்மா. அவளுக்குத் தெரியாது."

அக்காவுக்குப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் வந்தது. நாளையிலிருந்து இவரை வீட்டிலேயே விட்டுவிட வேண்டியதுதான் என்று முடிவு கட்டினாள். மனசு நோகாமல் அதை எப்படிச் சொல்வது என்பதுதான் புரியவில்லை.

கார்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டுப் பவர் சப்ளையை மட்டும் தனியாக ஓடவிட்டாள். ஒரு கேபிளை அதில் சொருகி, கார்டுக்குப் போகும் தலையில் ஓட்டை ஓட்டையாக மீட்டர் ஊசியை வைத்து அளந்தாள். கேபிள் மாற்றும்போதெல்லாம் பவர் சப்ளையை நிறுத்தினாள். அவரைக் கேபிள் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். முதலில் வந்தவையெல்லாம் ஒழுங்காகப் பன்னிரண்டு வோல்ட் காட்டின. அப்புறம் ஒன்று.

"முன்னாடி ஒரு கோடு காட்டுதே?" என்றார்.

"மைனஸ். தலைகீழா வருது. இதுதான் இந்நேரம் அந்தப் பொண்ணோட கார்டுக்குள்ள போயிருக்கும்."

அவர் முகம் செத்துவிட்டது. இன்னொரு கேபிளும் அப்படியே இருந்தது. இரண்டையும் தூரப் போட்டுவிட்டு, பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அளந்து, சரியான இரண்டைக் கண்டுபிடித்தார்கள். நடுவில் படக்காரப் பெண்ணுக்குப் போன் வந்தது, அவள் ஏதோ கேட்டாள், அக்கா பதில் சொன்னாள். கடைசியில் எல்லாக் கார்டுகளையும் மாட்டி, கேபிள்களைச் சொருகி, பிளக்கைப் போட்டாள்.

சுவிட்ச் பக்கத்தில் அவர் நின்றிருந்தார். இந்த பெஞ்சில் இவருக்கு இதுதான் கடைசி நாள், அந்தச் சந்தோஷமாவது இருக்கட்டும் என்று நினைத்தாள்.

"நீங்களே போடுங்க."

கை சுவிட்ச் வரை போனது, நின்றது.

"இல்லம்மா. இந்தக் கடைசிக் கேபிள்... நீ அளந்துகிட்டு இருக்கும்போதுதான் இந்தப் பொண்ணு ஏதோ கேட்டுச்சு. நீ திரும்பிப் பார்த்த. கடைசி ஓட்டையில ஊசி வைக்கலை. நான்தானே புடிச்சுட்டு இருந்தேன்."

"வச்சேன்."

"வைக்கலைம்மா."

அவளுக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தாள். வைத்த ஞாபகம் வரவில்லை. தன் கையைப் பற்றி அடுத்தவர் சொல்லி அவள் கேட்டதே இல்லை. பிளக்கைப் பிடுங்கினாள். கேபிள்களைக் கழற்றினாள். பவர் சப்ளையை மறுபடி தனியாக ஓடவிட்டு, விட்டுப்போன ஓட்டையை அளந்தாள். அவர் மீட்டரில் கண்ணை நட்டு, சரியாக இருக்கிறது என்று தலையாட்டிய பிறகுதான் அதை நிறுத்தி, எல்லாவற்றையும் மறுபடி மாட்டினாள்.

அவர் சுவிட்சைப் போட்டார். மூன்று கார்டுகளின் விசிறிகளும் சுற்றின. திரையில் மூன்றும் வரிசையாகத் தெரிந்தன. படக்காரப் பெண் நெஞ்சில் கை வைத்துச் சிரித்தாள். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"தப்பு என் பேர்லதான். நாளைக்கு நான் வரலைம்மா. உனக்கு எதுக்குத் தொந்தரவு" என்றார்.

"வராம? இந்தப் பெட்டியில இருக்கிற கேபிளை எல்லாம் அளந்து பிரிக்கணும். நான் அளக்கிறேன். நான் எதையாவது விட்டுட்டா சொல்றதுக்கு ஆளு வேணும்."