காப்புக் கட்டிய மறுநாள்

இலங்கைக்குத் திரும்ப எனக்குக் கொடுத்திருந்த அனுமதிச் சீட்டில் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அன்றைக்குள் நானும் என் மூன்று வயது மகளும் தலைமன்னாரில் இறங்கிவிட வேண்டும். தவறினால் இறங்க விடமாட்டார்கள்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அங்கே மலைநாட்டில் சின்ன மளிகைக் கடை வைத்திருந்த என் வீட்டுக்காரர், அந்த நாட்டுக் குடியுரிமை கேட்டு மனுப் போட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார். மனைவியும் பிள்ளையும் தன்னோடுதான் நிலையாக வசிக்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தார். நான் இந்தக் கரையிலேயே நின்றுபோனால் அது பொய்யாகிவிடும். மனுவைத் தள்ளிவிட்டால் கடையைப் பூட்டிக்கொண்டு கப்பலேறுவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

நான் வந்தது தம்பி கல்யாணத்துக்கு. குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கல்யாணம் முடிந்ததும் மகளுக்குக் கக்குவான் இருமல் வந்தது. கடல் காற்று ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் மாதங்கள் ஓடிவிட்டன. இருமல் நின்று நான் மூட்டை கட்டியபோது கையில் நாலு நாள்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமையே கிளம்புகிறேன் என்றேன். ஆத்தா விடவில்லை. பெண் பிள்ளையைச் செவ்வாயும் வெள்ளியும் பிறந்த வீட்டிலிருந்து அனுப்பினால் வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. புதன்கிழமை ரயிலேறினாலும் வியாழன் சாயங்காலம் அக்கரையில் இறங்கிவிடலாம் என்று தம்பியும் சொன்னான். நானும் சரி என்றேன்.

அந்தச் செவ்வாய் மத்தியானம் ஊர்ச்சேதி சொல்லித் தெருவில் தப்படிக்கும் சத்தம் கேட்டது. மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் தகராறு வந்து நாலு வருடமாக நின்றுபோயிருந்த அம்மன் திருவிழாவை, முதல்நாள் பேசி முடித்து, இந்த வருடம் நடத்துவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். விளக்கு வைத்ததும் காப்புக் கட்டு. காப்புக் கட்டிவிட்டால் அன்று ஊரில் தங்கிய யாரும், எட்டாம் நாள் முளைப்பாரி கரைக்கும்வரை, எல்லை தாண்டிப் போய் இரவு தங்கக் கூடாது. பகலில் எங்கே போனாலும் விளக்கு வைப்பதற்குள் வந்துவிட வேண்டும். மீறினால் அம்மை வரும், மாடு சாகும் என்பார்கள். யார் வீட்டில் என்ன நடந்தாலும் பழி மீறியவர் வீட்டின்மேல் விழும்.

உடனே கிளம்பிவிடலாம் என்று ஆத்தாவிடம் கெஞ்சினேன். அப்போதும் பொழுது இருந்தது. ஆத்தாவுக்குச் செவ்வாய்தான் பெரிதாக இருந்தது. நாளை விடியற்காலையில் போகிறவளை யார் தடுக்கப்போகிறார்கள் என்றது.

தடுத்தார்கள். மறுநாள் காலையில் தம்பி வண்டி பூட்டி நாங்கள் எல்லைக்கல் பக்கம் போனபோது, பந்தலுக்கு மூங்கில் கொண்டுவந்தவர்கள் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். கோயில் வாசலுக்கே வண்டியைத் திருப்ப வேண்டியதாயிற்று.

கூட்டம் சேர்ந்தது. தம்பி அனுமதிச் சீட்டை எடுத்துக் காட்டினான். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே இரண்டு பேர்கூட இல்லை. தம்பியின் கூட்டாளி ஒருவர், "கப்பல எட்டு நாள் நிப்பாட்டி வைக்கச் சொல்லி ஒரு தந்தியப் போடுறா மாப்ளே" என்றார். சிரித்தார்கள். இன்று போகாவிட்டால் நாளை ஒரு ரயில். அதுதான் கடைசி.

மருமகனுக்கே சொந்த ஊர் இங்கே இலுப்பூர் பக்கம்தானே, இவளுக்கு என்ன அவசரம் என்றார் ஒருவர். இந்த மண்ணில் பிறந்தவள், நேற்று இங்கே படுத்து எழுந்தவள், இவளை விட்டால் நாளைக்கு எல்லோரும் ஆளுக்கொரு சீட்டோடு வருவார்கள் என்றார் இன்னொருவர். என் தகப்பனார் துண்டைக் கையில் பிடித்தபடி தலை குனிந்து நின்றார். ஊர்க் கூட்டத்தில் அவர் பேசி நான் பார்த்ததில்லை. நானும் அவர் மாதிரிதான். எட்டாவது வரை படித்தேன். வாத்தியார் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் எழுந்து நிற்க மாட்டேன்.

ஊர்த் தலைவரான அம்பலம் எல்லாரையும் அமர்த்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆத்தா, இங்கிட்டு வா. ஒன்னையக் கட்டிக் குடுத்தாச்சு. நீ எந்த ஊருங்கறத ஒன் தம்பி சொல்லக் கூடாது, அந்தக் காகிதமும் சொல்லக் கூடாது. அம்மன் வாசல்ல நின்னு நீயே சொல்லு. இந்த ஊருன்னா எட்டு நாளும் இருந்துட்டுப் போ. இல்லைன்னா இப்பவே போ. ஆனா அப்பறம் ஒனக்கு இங்க முளைப்பாரியும் இல்ல, விபூதியும் இல்ல. யோசிச்சுச் சொல்லு."

பெண்கள் கூட்டத்தில் ஆத்தா நின்றது. முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தது. மகள் என் இடுப்பிலிருந்து வழுக்கிக்கொண்டே இருந்தாள். தூக்கி வைத்துக்கொண்டேன். முதலில் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லாத்தா."

"எனக்கு ஊரு அக்கரைதாங்க. நான் இந்த ஊரு இல்ல."

அம்பலம் மூங்கில்காரர்களைப் பார்த்து வழிவிடச் சொன்னார். ஆத்தா வண்டிக்குப் பக்கத்தில் வரவில்லை.

தம்பி கையில் ஊரோடு சேர்ந்து கட்டிய மஞ்சள் காப்புக் கயிறு இருந்தது. அவன் விளக்கு வைப்பதற்குள் திரும்பவேண்டும். புதுக்கோட்டை ஸ்டேஷனில் எங்களை உட்காரவைத்து, டிக்கெட்டை முந்தானையில் முடியச் சொல்லிவிட்டு, பொழுதைப் பார்த்துக்கொண்டே போய்விட்டான். ரயில் வரும்வரை சீட்டு இருக்கிறதா என்று பையைத் திறந்து திறந்து பார்த்தேன். கப்பலேறுகிறவர்களைச் சோதிக்கும் மண்டபம் முகாமில் டாக்டர்கள் மகளின் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார்கள். அந்த நேரம் அவள் இருமிவிடக் கூடாதே என்று என் மூச்சை நான் அடக்கிக்கொண்டிருந்தேன். இருமவில்லை.

வியாழன் சாயங்காலம் தலைமன்னாரில் இருந்த அதிகாரி சீட்டைத் திருப்பிப் பார்த்தார். தேதியில் விரலை வைத்து, "இன்னும் ஒரு நாள்தான்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு முத்திரை குத்தினார். கடையைச் சாத்திவிட்டு வந்திருந்த என் வீட்டுக்காரர் வெளியே நின்றார். ஊரில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டார். சௌக்கியம் என்றேன்.

மூன்று வருடம் கழித்து மனு ஏற்றுக்கொள்ளப்பட்டது. கடை நிலைத்தது.

அறுபதுகளில் ஒரு கோடையில் ஊருக்குப் போயிருந்தபோது மறுபடியும் காப்புக் கட்டினார்கள். முளைப்பாரிக்கு வீடு வீடாக விதை கொடுத்துவந்த பெண்கள் தம்பி மனைவிக்குக் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

"நீ எப்ப வேணாலும் கெளம்பலாம்க்கா. ஒன்னைய யாரும் கேக்க மாட்டாக" என்றான் தம்பி.

புதுக்கோட்டையில் எனக்கு வேலை இருந்தது. துணி எடுக்க வேண்டும், ரயிலுக்குப் பதிய வேண்டும். முளைப்பாரி கரைத்து முடியும்வரை எட்டு நாளும் நான் எல்லைக்கல் பக்கமே போகவில்லை.