கடைசி வீட்டில் விழுந்த இரண்டு கோடுகள்

கட்டைவிரல் அகலத்தில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு. நடுவே சின்ன யன்னல். சிவந்த கண்ணின் கீழிமையில் ஒற்றியெடுத்ததை அதில் வைத்துப் பத்து நிமிடம் காத்திருந்தால், அடினோ வைரஸ் இருப்பவருக்கு இரண்டு சிவப்புக் கோடுகள் விழும், இல்லாதவருக்கு ஒன்று. ஆய்வுகூட வேலையில் இதைவிடச் சுலபமான சோதனை கிடையாது. அதை வைத்துத்தான் ஒரு குடும்பத்தை ஊரைவிட்டு அனுப்பினேன்.

சண்டை முடிந்து சனம் திரும்பி வந்துகொண்டிருந்த காலம். மன்னார்த் தீவின் கரையோரக் கிராமம் ஒன்றில் கண்ணோய் பரவுகிறது என்று நடமாடும் மருத்துவக் குழுவோடு போயிருந்தேன். பையில் ஐந்து துண்டுகள் இருந்தன. வைரஸ்தான் என்று தெரிந்தால் மருந்துத் துளிகளை வீணாக்காமல், கையைக் கழுவுங்கள், ஒரே துவாயால் துடைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வரலாம். மீனவர் சங்கத் தலைவர் கதிரை போட்டுப் பால் விடாத பிளேன்ரீ தந்தார். நிழலில் இருந்தும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. “தமிழ்நாட்டு அகதிக் காம்பில இருந்து வந்த ஆக்கள் கடைசி வீட்டில இருக்கினம், தம்பி. அந்தப் பிள்ளைக்குத்தான் முதல் வந்தது. அவையளைப் பாருங்கோ” என்றார். அவருடைய ரீயைக் குடித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி உங்கள் கண்ணையும் காட்டுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசி வீட்டுக்கு நடந்தேன்.

அந்த வீட்டு அக்கா கருவாடு காயவைக்கும் வாடியில் நாள்கூலிக்கு நின்றவர். மகளின் தலையை மடியில் வைத்து இமையை அவரே இழுத்துப் பிடித்தார். “அங்க இதை மெட்ராஸ் ஐ எண்டு சொல்லுவினம். வாடியில அப்பிடிச் சொல்லிப்போட்டன். நான்தான் கொண்டந்தனெண்டு பிடிச்சிட்டினம். நாங்கள் வந்து எட்டு மாதம், தம்பி. இவ்வளவு நாளும் எங்க ஒளிச்சு வச்சிருந்தனாங்கள்?” இரண்டு கோடுகள் விழுந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

“எங்கயிருந்து வந்ததெண்டு இது காட்டுமோ?”

“காட்டாது அக்கா. கண்ணில இருக்கெண்டு மட்டும்தான் காட்டும்.”

“அப்ப அதை அவையளிட்டயும் சொல்லிப்போட்டுப் போங்கோ. பொதுக் கிணத்தில அள்ள விடுகினமில்லை.”

சொல்கிறேன் என்றேன். வேலியோரம் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள், பாதிப்பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டு. “இருக்கோ?” என்றார் தலைவர். “ஓம்” என்றேன். அதற்குமேல் ஒரு சொல் சொல்லவில்லை. சாரதி ஹோர்ன் அடித்தார், எனக்கும் பசி. மற்ற நான்கு துண்டுகளும் பையிலேயே கிடந்து காலாவதியாயின. அந்த வேலியோரத்திலேயே நாலு பேரைச் சோதித்திருந்தால் ஊர் வாயை மூடியிருக்கும். வெட்கங்கெட்ட வேலை பார்த்தேன்.

அடுத்த மாதம் போனபோது கடைசி வீடு பூட்டியிருந்தது. ஆஸ்பத்திரி ஆளே சொல்லிவிட்டார் என்று வாடியிலும் அவரை நிறுத்திவிட்டார்களாம். உயிலங்குளம் பக்கம் வயல்வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அந்த நோய் இரண்டு மூன்று கிழமையில் தானாகவே சுகமாகிவிடும். அக்காவைத் தேடி நான் போகவில்லை. போய் எந்த முகத்தோடு நிற்பது?

பல வருடங்களுக்குப் பிறகு, போன மாதம் அதே தலைவர் சிவந்த கண்ணோடு என் ஆய்வுகூடத்துக்கு வந்தார். தலை நரைத்திருந்தது. இந்த முறை கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். பத்து நிமிடத்தில், அதே சின்ன யன்னலில் இரண்டு கோடுகள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேசைப் பக்கம் குனிந்தார்.

“இதை ஊரில ஆரிட்டயும் சொல்லிப்போடாதேங்கோ, தம்பி. சனம் ஒரு மாதிரிப் பாக்கும்.”

“ஓம்” என்றேன்.